தாடைத் தசைக்குப் போடாக்ஸ்: பல் கடிப்பது குறைந்திருக்கிறதா, கடியின் வலு மட்டும் குறைந்திருக்கிறதா?

ஒலிநூல் வாசகி:

வணக்கம். ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். தூக்கத்தில் பல் கடிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல் விழுந்தது. வாயைத் திறக்கும்போது இடப்பக்கத் தாடை மூட்டில் எழும் ‘டக்’ என்ற ஒலி ஒலிப்பதிவிலும் கேட்கத் தொடங்கியது. பல் மருத்துவரின் யோசனைப்படி இரு கன்னங்களிலும் மாசெட்டர் என்ற மெல்லும் தசையில் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி போட்டுக்கொண்டேன். பக்கத்துக்கு 25 யூனிட் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஒன்றரை மாதம் ஆகப்போகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் கன்னம் இறுகிப்போய் வலிப்பது நின்றுவிட்டது. பல்லை அழுத்திக் கடித்தபடி விரலை வைத்துப் பார்த்தால், முன்பு திரண்டு எழுந்த தசை இப்போது தளர்ந்து கிடக்கிறது.

குழப்பம் இதுதான். இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறையில் புதிய கீறல்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. நறநறவென்ற சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்கிறார் என் கணவர். நெற்றிப்பொட்டு இரண்டிலும் முன்பு இல்லாத மந்தமான வலி. போதாக்குறைக்கு, எதையாவது மெல்லும்போது இடது கன்னத்தில் சிறிய உருண்டை ஒன்று எழும்பி அடங்குகிறது.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “அடுத்த முறை பொட்டுத் தசையிலும் சேர்த்துப் போட்டுவிடலாம்” என்றார், அவ்வளவுதான். வலி ஒரு தசையை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஊசியும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டுமா? பல் கடிப்பது உண்மையில் குறைந்திருக்கிறதா, தசையின் வலு மட்டும் குறைந்திருக்கிறதா? கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் எத்தனை முறை கடித்தோம் என்று எண்ணிச் சொல்லும் சிறு கருவிகள் வந்திருக்கின்றன. ஒன்று வாங்கினால் தெரிந்துவிடுமா?

மாலைநடை:

சகோதரி, நான் சில ஆண்டுகளாக இதே ஊசியைப் போட்டுக்கொள்கிறேன். முதல் முறை எனக்கும் இப்படித்தான் ஏதேதோ சந்தேகம் வந்தது. வலி போனால் போதும் என்று விட்டுவிட்டேன். பொட்டிலும் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி எல்லாம் நமக்கு எதற்கு?

மின்முனை:

ஆராய்ச்சி எதற்கு என்றால், ஊசி ஏறுவது நம் முகத்தில் என்பதற்காகத்தான், மாலைநடை ஐயா.

வாசகி அம்மா, வலுதான் குறைந்திருக்கிறது. கடிக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே யோசியுங்கள். நான் மருத்துவன் அல்லன். உறக்க ஆய்வுக் கூடமொன்றில் இரவுப் பணித் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் தூங்க, அவர்களுடைய மூளை, இதயம், தாடை எல்லாவற்றின் மின்பதிவையும் விடிய விடியத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதே என் உத்தியோகமாக இருந்தது. அதனால் மருந்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் பதிவைப் பற்றி நிறையவும் சொல்வேன்.

நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சின்னஞ்சிறு பைகளில் காத்திருக்கிறது. மூளையிலிருந்து ஆணை வந்ததும் அந்தப் பைகள் நுனியின் சவ்வோடு இணைந்து திறந்து, பொருளைத் தசையின் மேல் கொட்டும், தசை சுருங்கும். பை சவ்வோடு இணைவதற்கு ஸ்னாப்-25 என்ற புரதம் தேவை. ஏ வகைப் போட்டுலினம் நச்சு நரம்பு நுனிக்குள் நுழைந்து அந்தப் புரதத்தைத்தான் வெட்டுகிறது. அதாவது, ஆணை வழக்கம்போல வந்து சேரும், பை திறக்காது. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் தளர்ச்சி தொடங்கும், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு நரம்பு நுனி பக்கவாட்டில் புதுத் துளிர்கள் விட்டுத் தசையைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். பழைய நுனி தேறியதும் துளிர்கள் பின்வாங்கிவிடும். மூன்று நான்கு மாதத்தில் வலு திரும்புவது இதனால்தான். நீங்கள் இப்போது உச்சத்தை ஒட்டிய கட்டத்தில் இருக்கிறீர்கள்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மருந்து நிற்கும் இடம் எது என்பது தெரிய வேண்டும். அது நரம்பின் கடைசி நுனியில் நிற்கிறது. தூக்கத்தில் பல் கடிக்கும் ஆணை அதற்கு வெகு மேலே, மூளையில் பிறக்கிறது.

பதிவில் அதைக் கண்ணால் பார்க்கலாம். நோயாளி லேசான உறக்கத்தில் இருப்பார். முதலில் மூளை அலை சற்று வேகமெடுக்கும்; விழிப்பு இல்லை, விழிப்பின் விளிம்பு. அடுத்து இதயத் துடிப்பு கூடும். வாயைத் திறக்கும் தசைகளில், அதாவது தாடைக்குக் கீழே உள்ளவற்றில், சிறு அசைவு தெரியும். அதற்குப் பிறகுதான் மாசெட்டர் துடிக்கத் தொடங்கும். ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பாக, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக வரும். சிலருக்கு வரிசையாக வராமல் இரண்டு நொடிக்கும் மேல் ஒரே இறுக்கமாக நிற்கும். பற்களின் சத்தம் எல்லா வரிசையிலும் வருவதில்லை. சத்தமே இல்லாமல் இறுக்குபவர்களும் உண்டு. மாசெட்டரில் போட்ட மருந்து இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் தொடுகிறது. அதற்கு முன்னால் நடப்பவை எல்லாம் அட்டவணை மாறாமல் நடக்கும்.

ஊசிக்கு முன்னும் பின்னும் உறக்கத்தைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளிலும் வந்த முடிவு இதுவே: துடிப்பு வரிசைகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொரு துடிப்பின் உயரம் குறைந்தது. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மைக்கின் அளவைக் குறைத்து வைத்தால் பதிவில் குரல் தாழ்ந்து கேட்கும். பேசுகிறவர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

இனி அந்தச் சிறு கருவி. வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அது சொல்லும் எண்ணை, ஊசி போட்ட பிறகு நம்ப வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன். எனக்குப் பிடித்த விஷயமும் இதுதான்.

கூடத்தில் விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. மின்முனைகளை ஒட்டியதும் நோயாளியை “பல்லை முழு வலுவோடு கடியுங்கள், தளர்த்துங்கள், விழுங்குங்கள், இருமுங்கள், தாடையை இடமும் வலமும் நகர்த்துங்கள்” என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைப்போம். ஒவ்வொன்றும் திரையில் எந்த வடிவத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்வோம். இரவில் வரும் துடிப்பு கடியா, இருமலா, விழுங்கலா என்று பிரித்தறிய இதுவே அளவுகோல். ஒரு துடிப்பைக் கடி என்று எண்ணுவதற்கு அது குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தசை ஓய்வில் இருக்கும்போது உள்ள அளவைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. முழு வலுவோடு கடித்த அளவில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவோரும் உண்டு.

இப்போது மருந்து போட்ட தாடையை எண்ணிப் பாருங்கள். துடிப்புகளின் உயரம் தாழ்ந்துவிட்டது. அந்த உயர வரம்பை மயிரிழையில் தாண்டிக்கொண்டிருந்தவை வரம்புக்குக் கீழே போய்விடும். கருவி அவற்றை எண்ணாது. “உங்கள் பற்கடிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது” என்று பச்சை நிறத்தில் காட்டும். மூளை ஓர் ஆணையைக்கூடக் குறைத்திருக்காது. சதவீதக் கணக்கில் இதற்கு நேர்மாறான கோளாறு. முழு வலுக் கடியே தாழ்ந்துவிட்டதால், தாழ்ந்த துடிப்பை அதோடு வகுத்தால் பழைய சதவீதமே வரும். ‘ஊசி வேலை செய்யவில்லை’ என்று கருவி சாதிக்கும். ஒரே தாடை, ஒரே இரவு, இரண்டு முடிவுகள். இதற்கு மேல், மின்முனையை ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டினாலே உயரம் மாறும். கூடத்தில் ஒழுங்காகக் கூர்ந்து செய்தாலே இவ்வளவு சிக்கல். தூக்கக் கலக்கத்தில் கண்ணாடி முன் நின்று ஒட்டிக்கொள்வதைப் பற்றி என்ன சொல்ல!

பொட்டு வலிக்கு வருகிறேன். தாடையை மூடும் வேலையை மாசெட்டர் தனியாகச் செய்வதில்லை. நெற்றிப்பொட்டில் விசிறியாகப் பரந்திருக்கும் டெம்போராலிஸ், தாடையின் உட்புறமுள்ள டெரிகாய்டு ஆகியவையும் அந்த ஆணையையே பெறுகின்றன. மாசெட்டரில் போட்ட மருந்து டெம்போராலிஸைத் தளர்த்துவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் மாசெட்டரின் வரி தாழ்ந்திருக்கும், டெம்போராலிஸின் வரி பழையபடி இருக்கும். அதனால் கடி அங்கே ‘போய்விட்டது’ என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தசை முன்பும் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. கடுமையாகப் பல் கடிப்பவர்களின் பதிவில், மூளை அலைக்காகப் பொட்டுக்கு அருகே ஒட்டிய மின்முனைகளின் வரிகூட இந்தத் தசையின் துடிப்பு கலந்து கறுத்துத் தடித்துவிடும். அந்த நேரத்தில் மூளை அலையைப் படிக்கவே முடியாது. கன்னத்தின் பெரிய வலி போனதும் பொட்டின் சிறிய வலி உங்களுக்குத் தெரியத் தொடங்கியிருக்கலாம். சுமை கொஞ்சம் கூடியும் இருக்கலாம். கடிக்குச் சம்பந்தமே இல்லாத தலைவலியாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறியத் தொலைபேசி போதாது.

ஒன்று கேட்கிறேன். குறட்டை உண்டா? காலையில் தலை பாரமாக இருக்கிறதா? மன அழுத்தத்துக்கென்று செரட்டோனின் வகை மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா? உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், அத்தகைய மாத்திரைகள் சிலவும், அளவுக்கு மிஞ்சிய காஃபினும், புகையும், மதுவும் பற்கடிப்போடு சேர்ந்தே காணப்படுகின்றன. மூச்சுத்தடை இருப்பவருக்குக் கன்னத்தில் மட்டும் ஊசி போட்டு அனுப்பிவிட்டால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதாகும். என் பணிக்காலத்தில் என்னை அதிகம் எரிச்சலூட்டியது இதுதான்.

கடைவாய்:

நான் பல் மருத்துவர். மின்முனை ஐயா சொன்ன பதிவு நுணுக்கங்களில் எனக்கு மறுப்பே இல்லை. எங்களில் பலருக்கே இது தெரியாது. ஆனால் அவர் சொல்லும் தொனியில், ஊசி ஏதோ ஏமாற்று வேலை என்பது போல ஒலிக்கிறது. அங்கே நான் முரண்படுகிறேன்.

பல்லை உடைப்பது எண்ணிக்கை அல்ல, விசை. ஓர் இரவில் எத்தனை வரிசை துடிப்புகள் வந்தாலும், ஒவ்வொன்றும் பாதி வலுவோடு வந்தால் விரிசல் விட்ட பல் பிழைத்துக்கொள்ளும். பல் கடிக்கும் வழக்கமே இல்லாத ஆரோக்கியமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் தூக்கத்தில் அந்தத் தாடைத் துடிப்பு வரிசைகள் வருகின்றன. 2018ஆம் ஆண்டில் துறை வல்லுநர்கள் கூடி எழுதிய கருத்தொருமிப்பு அறிக்கை, மற்றபடி நலமாக இருப்பவர்களிடம் உறக்கப் பற்கடிப்பை நோய் என்றே சொல்ல வேண்டாம், தசைச் செயல்பாடு என்று சொல்லுங்கள் என்கிறது. அப்படியானால் எண்ணிக்கையை ஒழிப்பது நம் இலக்காகவே இருக்க வேண்டியதில்லை. சேதத்தைத் தடுப்பது இலக்கு. விரிசல் விட்ட பல்லுக்கு உறையும் ஊசியும் சேர்ந்து அவகாசம் வாங்கிக் கொடுக்கின்றன என்பதே என் கணக்கு.

வலியைப் பற்றி மட்டும் நானும் அடக்கித்தான் வாசிப்பேன். நெடுநாள் தாடைத் தசைவலிக்கு இந்த ஊசியைச் சோதித்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றியதும் ஏறக்குறைய அதே பலனைத் தந்த சோதனைகள் உண்டு.

வாசகி, உங்கள் இடது கன்னத்து உருண்டை: மாசெட்டரின் மேலடுக்குக்குள் ஒரு தசைநாண் குறுக்கே ஓடுகிறது. மருந்து அதன் ஒரு பக்கத்திலேயே தங்கிவிட்டால் அந்தப் பகுதி தளரும். மறுபக்கத்து இழைகள் தனியாகச் சுருங்கி உருண்டையாக எழும். ஆபத்தில்லை. சில வாரங்களில் தானே அடங்குவதுண்டு; அடங்காவிட்டால் அந்த இடத்தில் சிறிதளவு மருந்து சேர்த்தால் சரியாகிவிடும். நேரில் போய்ப் பல்லை அழுத்திக் காட்டுங்கள், தொட்டுப் பார்த்தாலே தெரியும். சிரிக்கும்போது வாய்க்கோணம் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்றும் கண்ணாடியில் பாருங்கள். ஊசி தசையின் முன்விளிம்பை ஒட்டிப் போய்விட்டால் பக்கத்திலுள்ள சிரிப்புத் தசை தளர்ந்துவிடும். அதுவும் மருந்தின் காலம் முடிந்ததும் மீளும்.

பொட்டில் போடுவதற்கு நான் அவசரப்பட மாட்டேன். டெம்போராலிஸ் மெலிந்தால் நெற்றிப்பொட்டு உள்வாங்கித் தெரியும். மூடும் தசைகளில் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போனால் தாடை எலும்புக்கு வரும் சுமையும் குறைகிறது. எலும்பு சுமையை நம்பி வாழ்வது. எலி, முயல் ஆகியவற்றில் மாசெட்டரைத் தளர்த்தியபோது தாடை மூட்டு முனையில் எலும்பு தேய்ந்தது. மனிதர்களில் கிடைத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போட்டுக்கொள்ளும் மாலைநடை அவர்களும் இதைக் கவனிப்பது நல்லது. உருண்டைக்கு நான் சொன்ன சிறு திருத்தத்தைத் தவிர, 12 வாரத்துக்கு முன்னால் அடுத்த ஊசி வேண்டாம். அடிக்கடி, அதிக அளவில் போட்டால் உடல் அந்த நச்சுக்கு எதிராக எதிர்பொருள் உருவாக்கிக்கொண்டு, பிறகு மருந்தே பலிக்காமல் போகக்கூடும். சீட்டில் யூனிட் எண்ணோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் 25 யூனிட் இன்னொன்றின் 25 யூனிட் அல்ல.

விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் வந்தால், அல்லது இமை தானாகத் தாழ்ந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவுவது அரிது, ஆனால் அதற்காக அமெரிக்காவில் 2009இலிருந்து மருந்துறையிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை உண்டு.

ஒலிப்பதிவில் கேட்கும் ‘டக்’ ஒலியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இடம் மாறி, வாய் திறக்கும்போது மீண்டும் பொருந்துவதால் எழுவது. மாசெட்டரைத் தளர்த்தினால் அது போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வலியோ, வாய் பூட்டிக்கொள்வதோ இல்லாவிட்டால் சிகிச்சையும் தேவையில்லை.

மின்முனை:

ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை, டாக்டர். மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் 1989இல் ஒப்புதல் பெற்ற மருந்து இது. மறு ஆண்டே, மூளையில் காயம்பட்ட ஒருவரின் கடுமையான பற்கடிப்புக்கு இதைப் போட்டதாக மருத்துவ இதழில் குறிப்பு வந்துவிட்டது. அத்தகையவர்களுக்கு இது பெரிய வரம். ‘விசைதான் உடைக்கிறது’ என்ற உங்கள் வாதத்தையும் ஏற்கிறேன். குறைப்பது விசையை என்று ஊசி போடுகிறவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், இந்த அம்மா உறையில் கீறலைப் பார்த்துப் பதறியிருக்க மாட்டார்.

ஒலிநூல் வாசகி:

இருவருக்கும் நன்றி. கண்ணாடியில் பார்த்தேன், சிரிப்பு நேராகத்தான் இருக்கிறது. மாத்திரை எதுவும் இல்லை. குறட்டை உண்டு என்று கணவர் சொல்கிறார். நான் அதை நம்பாமல் இருந்தேன். உறக்க ஆய்வுக்கு எழுதித் தரும்படி குடும்ப மருத்துவரைக் கேட்கப் போகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு வரி பிசகி, ஒலிப்பதிவாளர் மீண்டும் தொடங்கச் சொல்லும் வரை காத்திருக்கும் நேரத்தில் என் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியே இருக்கின்றன. பகலில், முழு விழிப்பில்! இதற்கும் ஊசி உதவுமா? ஊசியால் என் உச்சரிப்பு கெடுமா? நீண்ட அத்தியாயங்களின் முடிவில் தாடை சீக்கிரம் அசந்துபோவது போலத் தோன்றுகிறது.

கடைவாய்:

உச்சரிப்பு நாக்கு, உதடு, அண்ணம் ஆகியவற்றின் வேலை. பேசும்போது மாசெட்டர் தன் வலுவில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. அதனால் சொற்கள் கெடாது. சீக்கிரம் அசந்துபோவதைப் பலர் சொல்கிறார்கள், கடினமானதை மெல்லும்போது இன்னும் நன்றாகத் தெரியும். வலு திரும்பும்போது அதுவும் போகும்.

பகல் கடி வேறு கதை. அதற்கு ஊசி தேவையில்லை. உதடுகள் மூடியிருக்க, பற்களுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே தாடையின் ஓய்வு நிலை. விழுங்கும்போதும் மெல்லும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. வாசிப்புத் தாளின் ஒவ்வொரு பத்தி ஓரத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியைக் கண்டதும் தாடையைத் தொங்கவிடுங்கள். உங்கள் பொட்டு வலியில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பு நேரத்தில் சேர்ந்ததாக இருந்தால் எனக்கு வியப்பில்லை.

மின்முனை:

உறக்க ஆய்வுக்குப் போகும்போது, வழக்கமான மின்முனைகளோடு இரு பக்க மாசெட்டரிலும் டெம்போராலிஸிலும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். பல கூடங்களில் மோவாயில் மட்டும் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். ஊசி போட்ட தேதியையும் இடத்தையும் அளவையும் படிவத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பதிவைப் படிப்பவர் தாழ்ந்த துடிப்புகளைப் பார்த்து ‘பற்கடிப்பு இல்லை’ என்று எழுதிவிடுவார். மூச்சுத்தடை இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடலாம், அதற்கு ஊசி குறுக்கே நிற்காது. கடியை அளப்பதற்காக மட்டும் என்றால், நான்கு மாதம் கழிந்து கன்னத் தசை மீண்டும் விரலுக்கடியில் திரளும்போது, அடுத்த ஊசிக்கு முன்னால் போங்கள். அந்தக் கன்னக் கருவியையும் வாங்கியே தீருவது என்றால் அதே நாட்களில் ஒட்டிப் பாருங்கள்.